காப்பு கட்டிய தோட்டத்திலிருந்து எல்லவுக்கு ஆறு பெட்டி சலாது

மலையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, போனேன் என்றுதான் பயணம் எழுதுகிறவர்கள் தொடங்குவார்கள். நான் பொறாமையில் போனேன். இந்தப் பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, சனி ஞாயிறையும் சேர்த்துக்கொண்டு, கொழும்பிலிருந்து ஹாலிஎலவுக்குப் போனேன். பதுளை, எல்ல பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் பஸ், ரயில், கட்டண விவரங்களை இடையிடையே தருகிறேன். பொறாமையை மறைக்கப் போவதில்லை. அதை எடுத்துவிட்டால் இந்தப் பயணத்தில் ஒன்றும் மிஞ்சாது.

பொறாமைக்குக் காரணம் தர்ஷினி. சில வருஷங்களுக்கு முன் நாங்கள் இருவரும் கொழும்பில் ஒரே வகுப்பில் லாஜிஸ்டிக்ஸ் டிப்ளோமா படித்தோம். ஒரு பொருள் எங்கே விளைகிறது, யார் எடுக்கிறார்கள், எங்கே சேர்க்கிறார்கள், எதில் ஏற்றுகிறார்கள், எந்த நிலையில் யார் கைக்குப் போகிறது, காலிப் பெட்டி எப்படித் திரும்பி வருகிறது. மொத்தப் பாடமும் இவ்வளவுதான். இதைச் சொல்லித்தர ஒரு வருஷம் எடுத்துக்கொண்டார்கள். வகுப்பில் முதலாவதாக வந்தது நான். தர்ஷினி ஒரு பாடத்தை இரண்டாம் தடவை எழுதித்தான் பாஸானாள். படிப்பு முடிந்ததும் எனக்குக் கொழும்பில் கொள்கலன் அனுப்பும் கம்பெனியில் வேலை கிடைத்தது. அவள் ஹாலிஎலவுக்குப் பக்கத்தில் தன் குடும்பம் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பிப் போனாள். நாங்கள் எல்லோரும் அவளுக்காகப் பரிதாபப்பட்டோம். அப்படிப் பரிதாபப்படுவது எனக்குப் பிடித்தும் இருந்தது.

பிறகு அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்கள் வரத் தொடங்கின. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலங்களில் பெண்கள் சலாது என்கிற லெட்டூஸ் இலை, மின்சி என்கிற புதினா, செல்டரி போடுகிறார்கள். அவள் அதைச் சேர்த்து, பழைய வேன் ஒன்றில் ஏற்றி, எல்லவில் உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். பச்சைப் பெட்டிகளோடு ஒரு படம். சமையல்காரத் தொப்பி போட்ட ஒருவரோடு ஒரு படம். "இன்றைக்கும் பத்து மணிக்கு முன்" என்று ஒரு வரி. நான் அதைப் பார்க்கும் நேரம் மேசை முன்னால் உட்கார்ந்து, துறைமுகத்தில் நிற்கும் யாருடையதோ கொள்கலனின் இலக்கத்தைத் திரையில் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மாற்றிக்கொண்டிருப்பேன். இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒரு பெட்டியைக்கூட நான் கையால் தொட்டதில்லை.

ஆகவே நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். நேரில் பார்த்தால் அவ்வளவு பெரிதாக இருக்காது என்று நம்பினேன். சனிக்கிழமை ரயிலில் எல்லவுக்குப் போய்ச் சுற்றிப் பார்ப்பதாகவும் திட்டம். வெறும் பொறாமைக்காக லீவு போட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

கொழும்பிலிருந்து பதுளைக்கு இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டது. கட்டணம் ஆயிரத்து நூறு ரூபா. இடது பக்க ஜன்னலைக் கேளுங்கள். ஏறும்போது வலப் பக்கத்தில் பள்ளம் நன்றாகத் தெரியும் என்று சொல்வார்கள், உண்மைதான், ஆனால் காலை முழுதும் வெயிலும் அந்தப் பக்கம்தான். பெரகலச் சந்தியில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. சுற்றியுள்ள தோட்டங்களுக்கு மாவும் சீனியும் கருவாடும் போவது இந்தக் கடைகளிலிருந்துதான். வெளியே ஒரு லொறியிலிருந்து மா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மா ரொட்டியாகி, அந்த ரொட்டியைத் தின்றவர்கள் கொழுந்து பறித்து, அந்தக் கொழுந்து தூளாகி என் கம்பெனியின் கொள்கலனுக்கு வந்து சேரும். விநியோகச் சங்கிலியின் அந்த முனையைப் பற்றி எங்கள் வகுப்பில் ஒரு வார்த்தை வரவில்லை. தேயிலையின் கதை அங்கே தொழிற்சாலை வாசலில்தான் தொடங்கும்.

ஹாலிஎலவில் இறங்கும்போது இரண்டு மணி. தர்ஷினியைக் காணவில்லை. போன் பண்ணினேன்.

"ஆட்டோ புடிச்சு மதகடி வரைக்கும் வந்துரு, புவனா. அங்கதான் நிக்கிறேன்" என்றாள்.

"நீ டவுனுக்கு வர்றேன்னு சொன்னியே?"

"வாயேன், சொல்றேன்."

டவுனிலிருந்து தோட்டத்து மதகுக்கு நாலு கிலோமீற்றர், ஆட்டோவுக்கு அறுநூறு ரூபா. பாதையின் பாதிக்கு மேல் தார் இல்லை. தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அந்தக் காய்கறிப் பாத்திகளுக்கு நிர்வாகம் கொடுத்திருப்பது வாய் அனுமதி மட்டும்தான். நாளைக்கு நிர்வாகத்துக்குப் புதிதாக ஒரு தொரை வந்து தேயிலைக் கன்று நட வேண்டும் என்று சொன்னால் சலாது அன்றோடு சரி.

மதகின் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. தோரணத்துக்கு அந்தப் பக்கம் தர்ஷினி நின்றாள். நான் ஆட்டோவிலிருந்து இறங்கியும் ஒரு எட்டுகூட இந்தப் பக்கம் வைக்கவில்லை. கையை உயர்த்திக் காட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

மாரியம்மன் திருவிழாவுக்கு அன்று காலையில்தான் காப்பு கட்டியிருக்கிறாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: காப்பு கட்டியவர் திருவிழா முடிந்து கயிறு அவிழ்க்கும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. இங்கே அந்த மதகுதான் எல்லை. வெளியிலிருந்து யாரும் உள்ளே வரலாம், போகலாம். கட்டியவர்கள்தான் தாண்டக் கூடாது.

"எதுக்குடி கட்டின?" என்று கேட்டேன்.

"பால்குடம். வேண்டுதல்." பெட்டியைத் தூக்கும் அதே தோரணையில் என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "எல்லவுல ஒரு பெரிய ஹோட்டல், ரெண்டு வாரம் குடுத்துப் பாருன்னு சொன்னாங்க. அந்த ஆர்டர் நெலச்சா பால்குடம் எடுக்கிறேன்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டேன். நாளையோட ரெண்டு வாரம் முடியுது. இதுவரைக்கும் ஒரு நாள் பிந்தல. நாளைக்கும் போயிருச்சுன்னா ஆர்டர் நமக்கு. போகலைன்னா கெப்பெட்டிப்பொல மரக்கறி முதலாளிக்கே திரும்பக் குடுத்துருவாங்க."

"ஆர்டர் நிலைக்கிறதுக்கு முன்னாலயே பால்குடமா?"

"திருவிழா அதுக்காகக் காத்துக்கிட்டிருக்குமா? அட்வான்ஸு."

"அப்ப நாளைக்கு யாரு கொண்டு போறது?"

"செல்வம் மாமா இருக்காருல்ல. வேன் ஓட்டுறதே அவருதான. நான் சும்மா பக்கத்துல குந்திக்கிட்டு வாய் பேசுவேன்."

அவளுடைய தாய்மாமன் செல்வம் அடுத்த டிவிஷனில் இருக்கிறார், வேனும் அங்கேதான் நிற்கும். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வேன் மேலிருந்து இறங்கி வந்தது. மதகுக்குப் பத்தடி தள்ளி நின்றது. மாமா இறங்கினார். ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலேயே மஞ்சள் கயிறு.

தர்ஷினி அதைப் பார்த்தாள்.

"மாமா, இது என்னா?"

"காப்பு, புள்ள."

"அது தெரியுது. ஒங்களுக்கு எதுக்கு?"

"கரகம் எடுக்கிற நம்ம ராசுவுக்குக் காலையில புள்ள பொறந்திருச்சு. தீட்டாயிருச்சுல்ல. கரகத்துக்கு ஆளில்ல, நீ எடுடான்னு கோயில்ல புடிச்சுக் கட்டி வுட்டுட்டாங்க. மத்தியானந்தான்."

"அப்ப வேன யாரு ஓட்டுறது?"

"நீதான். அதான் லைசன் எடுத்துட்டல்ல."

தர்ஷினி தன் மணிக்கட்டை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

மாமா கயிற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீ அடுத்த வருசந்தானே பால்குடம்னு அத்தை சொன்னா?"

"அத்தை சொன்னா! ஒரு போன் பண்ணிக் கேக்கிறதுக்கு என்னா மாமா?"

"நீயும்தான் கேக்கல."

நான் சிரித்துவிட்டேன். உள்ளே எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஒரே ஆள்மேல் எல்லாப் பாரத்தையும் வைக்காதே, அந்த ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று முதலிலேயே யோசி: முதல் மாதப் பாடம் இது. இவள் அதையும் செய்திருந்தாள், இரண்டு ஆளை வைத்திருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் நம்பி, ஒரே அம்மனிடம் போய்க் கையை நீட்டியிருந்தார்கள். ஆர்டருக்காக வைத்த வேண்டுதலே ஆர்டரைக் கட்டிப்போட்டுவிட்டது. இதைக் கொழும்பில் எந்தெந்த நண்பர்களிடம் எப்படிச் சொல்வது என்றுகூட அந்த மதகடியிலேயே யோசித்துவிட்டேன்.

லயத்துக்குப் போய், தேத்தண்ணி குடித்துக்கொண்டே வழி தேடினார்கள். லயத்தில் மற்றவர்களும் காப்பு கட்டியிருந்தார்கள், கட்டாதவர்களுக்குக் கோயிலில் வேலை. தர்ஷினி ஹாலிஎல ஆட்டோக்காரருக்குப் போன் போட்டாள். எல்லவுக்குப் போய்க் காலியாகத் திரும்ப வேண்டும் என்று அவர் ஒரு தொகை சொன்னார். "அண்ணே, அதுக்கு நான் சலாத மாட்டுக்குப் போட்டுருவேன்" என்று வைத்துவிட்டாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். பரீட்சைக்கு முதல் நாள் என் குறிப்புகளைக் கேட்கும்போது அப்படித்தான் பார்ப்பாள்.

"நீ நாளைக்குக் காலையில ரயில்ல எல்லவுக்குத்தானே போற?"

"சுத்திப் பார்க்கப் போறேன்."

"போறதுதான் போற. ஆறு பெட்டி."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"என்னா வேல? அந்த ஒம்பது வளைவுப் பாலத்துக்கு முன்னால நின்னு படம் எடுக்கிறதா? படிச்ச படிப்புக்கு ஒரு நாளாவது வேலை செய்யேன், மேடம்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். என்னைச் சம்மதிக்க வைத்தது நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஹோட்டலில் அவளுக்கு உண்மையிலேயே எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் விடியும்போதே சலாது வெட்டினார்கள். ஆறரை மணிக்குப் பெரட்டு, அதாவது பெயர் கொடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் பெண்கள் போயாக வேண்டும். அதற்கு முன் தங்கள் பாத்தியில் வெட்டி, கழுவி, பெட்டியில் அடுக்கி, நனைத்த சாக்கைப் போட்டு மூடிவிடுகிறார்கள். மகேஸ்வரி அக்கா என்று ஒருவர் தன் பெட்டியைக் கடைசியாகக் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார். "பாத்துக் கொண்டு போங்க, தங்கச்சி. எல பூ மாதிரி" என்றார். அப்போதுதான் பெட்டி என்ன பாரம் என்று எனக்குத் தெரிந்தது. பகல் முழுதும் அவர்கள் பறிக்கும் கொழுந்துக்குக் காத்து நிற்கத் தோட்டத்தில் லொறி இருக்கிறது. இந்த விடியற்கால வேலைக்கு வாகனம் என்று இருப்பது ஓட்ட ஆளில்லாத ஒரு பழைய வேன்.

மாமா வேனை மதகு வரை கொண்டுவந்தார். முன் சில்லு தோரணத்துக்கு ஒரு முழம் இருக்க, பிரேக் போட்டார். அந்தப் பக்கம் ஆட்டோ. பெட்டிகளை அவரும் தர்ஷினியும் மதகின் நடுவரை தூக்கி வந்து நீட்டினார்கள், நானும் ஆட்டோக்காரரும் வாங்கினோம். ஒரு வாகனத்திலிருந்து இறக்கிச் சேமித்து வைக்காமல் நேராக இன்னொன்றில் ஏற்றுவதற்குப் பாடத்தில் ஒரு பெயர் உண்டு. அந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தர்ஷினி அதை எழுதாமலே விட்டாள்.

"பத்து மணி" என்றாள் அவள், கடைசிப் பெட்டியைக் கொடுத்துவிட்டு. அவ்வளவுதான் சொன்னாள். கை மட்டும் பெட்டியை உடனே விடவில்லை.

ஹாலிஎல ஸ்டேஷன் சின்னது. பதுளையிலிருந்து வரும் காலை ரயில் அங்கே எட்டே முக்கால் வாக்கில் நிற்கும். எல்லவுக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் நூறு ரூபாவுக்குள் முடிந்துவிடும், பெட்டிகளுக்குத் தனியாக ரசீது போட்டார்கள். நேரங்கள் அடிக்கடி மாறுவதால் போகுமுன் ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். ரயில் நின்ற ஒரு நிமிஷத்தில் ஆட்டோக்காரர் நாலு பெட்டியை ஏற்றிவிட்டார். மற்ற இரண்டையும் கதவடியில் நின்ற ஒருவர் வாங்கி உள்ளே வைத்தார். பதுளைக் கச்சேரியில் அரசாங்க வேலை, ஊர் யாழ்ப்பாணம், பண்டாரவளைக்குப் போகிறாராம்.

"இது சலாதெல்லோ?" என்றார் சாக்கைத் தூக்கிப் பார்த்து. "எங்க விளைஞ்சது?"

"தோட்டத்துல."

"தோட்டத்திலயோ? நான் எட்டு வருஷமா பதுளையில இருக்கிறன். அங்க தேயிலை மட்டும்தான் எண்டெல்லோ நினைச்சன்."

எட்டு வருஷம். தோட்டத்து மக்களின் பிறப்புப் பத்திரமும் காணிக் கடிதமும் கொடுக்கிற அலுவலகத்தில் எட்டு வருஷம். "தேயிலையோட ஆளுங்களும் இருக்காங்க சேர்" என்றேன். அவர் கோபிக்கவில்லை, தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

கதவடியில் காற்று நன்றாக வந்தது. சாக்கு காயாமல் இருக்கப் போத்தல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். தெமோதரையில் ரயில் ஒரு சுரங்கத்துக்குள் போய், மலையை வளைத்து ஏறி, அதே சுரங்கத்தின் தலைக்கு மேலிருக்கும் ஸ்டேஷனுக்கு வந்து சேரும். பார்க்க வேண்டிய இடம்தான். பத்து மணிக்குப் பொருள் கொடுக்க வேண்டியவருக்கு, இந்த ரயில் புறப்பட்ட இடத்தையே சுற்றுகிறது என்றுதான் தோன்றும். அங்கே எதிர் ரயிலுக்காக வேறு இருபது நிமிஷம் நிறுத்திவிட்டார்கள்.

நிற்கிற ரயிலில் படம் எடுப்பது சுலபம். கொழும்பிலிருந்து வந்த இளைஞர் கூட்டம் ஒன்று கதவுக்கு வந்தது. ஒருவன் கதவில் தொங்கினான், ஒருவன் படம் எடுத்தான், மூன்றாமவன் இடமில்லாமல் என் பக்கத்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். நான் கத்தினேன். எழும்பினான். சாக்கைத் தூக்கினால் இலையெல்லாம் நசுங்கி நீர் விட்டிருந்தது. மகேஸ்வரி அக்காவின் பெட்டி.

"ஸொரி, ஸொரி. இலைதானே?" என்றான் அவன்.

நான் என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. ஆனால் ஒன்றை எழுத வேண்டும். முதல் நாள் மதகடியில் அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான். இப்போது ஆறில் ஒரு பெட்டி போனதற்கு என் வயிறு எரிந்தது. பிழைத்த ஐந்து பெட்டிகளையும் என் உடம்பால் மறைத்துக்கொண்டு, ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்காமலே கடந்தேன். எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினார்கள், நான் சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்ல ஸ்டேஷனில் இறங்கும்போது பத்தாக ஐந்து நிமிஷம். கச்சேரிக்காரர் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தார். அதற்காக அவரை மன்னித்தேன். ஸ்டேஷனிலிருந்து ஹோட்டலுக்கு இரண்டு கிலோமீற்றர் கூட இல்லை, ஆட்டோவுக்கு ஆயிரம் ரூபா கேட்டார்கள். எல்லவில் வெளிநாட்டவர் கட்டணம்தான் எல்லோருக்கும். தமிழில் பேசிப் பார்த்ததில் எழுநூறானது.

ஹோட்டலின் பின்வாசலில் பொருள் பொறுப்பெடுப்பவர் நின்றார். கையில் கடிகாரம். மணி பத்து பத்து.

"நங்கி, பத்து மணி என்றுதானே பேச்சு?" என்றார் சிங்களத்தில். "மற்றப் பிள்ளை எங்கே?"

திருவிழா என்று சொன்னேன். காப்பு, எல்லை என்பதையெல்லாம் என் சிங்களத்தில் சொல்ல முடியவில்லை. அவர் சாக்கை விலக்கினார். ஒரு இலையைக் கிள்ளி மடித்தார். கதவுக் காற்றில் வந்த இலை, சத்தத்தோடு உடைந்தது. பக்கத்தில் கெப்பெட்டிப்பொலவிலிருந்து விடியற்காலையே வந்து இறங்கிய மூட்டைகள் கிடந்தன. தார்ப்பாய்க்குள் வெந்த வாடை. அவர் அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார், ஐந்து பெட்டியைத் தராசில் வைக்கச் சொன்னார். ஆறாவதைக் காலால் தள்ளினார். "இது வேண்டாம்."

பிறகு உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். "வாரத்துக்கு மூன்று நாள் தொடர்ந்து கொண்டு வாருங்கள். பண்டாரவளையில் எங்களுக்கு இன்னொரு ஹோட்டல் இருக்கிறது, அவர்களும் கேட்கிறார்கள். மற்றப் பிள்ளைக்குப் போன் பண்ணினால் எடுப்பதே இல்லை. நீங்கள் பேசுகிற விதம் நன்றாக இருக்கிறது. இனி யாரோடு பேச வேண்டுமோ அந்த நம்பரைப் போடுங்கள், பண்டாரவளைக்கும் அதையே அனுப்புகிறேன்." போனை என் கையில் கொடுத்தார்.

முதல் மூன்று இலக்கமும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். அதைப் போட்டுவிட்டு நின்றேன்.

என் நம்பரைப் போடலாம். யாருக்கும் தெரியாது. அடுத்த ஸ்டேட்டஸ் என்னுடையதாக இருக்கும். கொழும்பு வேலையை விட்டுவிடலாம். எனக்குச் சிங்களம் வரும், கணக்கு வரும், முதல் மதிப்பெண் எனது. இந்த நினைப்பில் அசிங்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் அப்போது தோன்றியது, வியாபாரம் இப்படித்தான் கை மாறுகிறது. ஆனால் நம்பரைப் போட்ட பிறகு? திங்கட்கிழமை காலையில் நான் எதை அனுப்புவேன்? பெரட்டுக்கு முன் எழும்பி எனக்காக யார் சலாது வெட்டுவார்கள்? நான் பிறந்தது பசறைப் பக்கம் ஒரு லயத்தில். அப்பா வேலையை விட்டதும் எங்கள் காம்பராவை, அந்த ஒற்றை அறை வீட்டை, வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தோட்டத்துத் திருவிழாவில் எனக்குக் காப்பு கட்டவோ, கட்டாதே என்று சொல்லவோ ஆளில்லை. என் சங்கிலியில் முதல் கண்ணியே கிடையாது.

தர்ஷினியின் நம்பரைப் போட்டேன். நல்ல மனசில் போடவில்லை, வேறு வழி தெரியாமல் போட்டேன்.

காலிப் பெட்டிகள் திரும்பி வந்தால்தான் அடுத்த தடவை பொருள் போகும். எல்லோரும் படிக்காமல் தாண்டும் பாடம் அது. ஐந்து காலிப் பெட்டியை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, நசுங்கின பெட்டியை மேலே வைத்துக் கட்டி, பதுளை பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் பெட்டிக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். "இதுக்கு சீட்டும் வேணுமா தங்கச்சி?" என்று கேட்டார். ஹாலிஎலவுக்குப் பதினைந்து கிலோமீற்றர், முக்கால் மணி நேரம்.

மதகடியில் தர்ஷினி தோரணத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறாள் என்று தெரிந்தது. நான் போன் பண்ணவில்லை. அவள் பண்ணினபோது எடுக்கவும் இல்லை. ஆட்டோவிலிருந்து இறங்கி, பெட்டிகளை இந்தப் பக்கமே வைத்துவிட்டு, மெதுவாகத் தண்ணீர் குடித்தேன்.

"என்னா சொன்னான்?"

இன்னொரு மிடறு குடித்தேன். அவள் கால் எல்லைக் கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றது, தாண்டவில்லை. என் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்காக அவள் காத்து நிற்பது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீட்டிக்கொண்டேன்.

"சொல்லித் தொலையேண்டி!"

"வாரத்துல மூணு நாள். பண்டாரவளையிலயும் ஒண்ணு கேட்டாங்க."

அவள் கூத்தாடவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு மேலே கட்டியிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டாள். "இது என்னா? யாரு பெட்டி?"

"மகேஸ்வரி அக்காவோடது. ஒருத்தன் மேல குந்திட்டான்."

"நீ எங்க பார்த்துக்கிட்டிருந்த?" என்று என்னைத் திட்டினாள். நன்றி சொல்வதற்கு முன்னாலேயே திட்டினாள். பெட்டி போனதை அக்கா ஒருத்தி தலையில் போட முடியாது, எல்லாருமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று தனக்குத் தானே பேசிக்கொண்டாள்.

"நம்பர் கேட்டாங்க" என்றேன் நான். "ஒன் நம்பரத்தான் குடுத்தேன்."

அவளுக்குப் புரியவில்லை. "என் நம்பரக் குடுக்காம பின்ன யாரு நம்பரக் குடுப்ப?"

அந்தக் கேள்விதான் அந்தப் பயணம் முழுவதிலும் எனக்கு மிகவும் வலித்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற அந்த நிமிஷம் அவள் கற்பனையில்கூட இல்லை. மதகுக்கு அந்தப் பக்கம் ஒரு முழ நிலம்கூட அவள் பெயரில் இல்லை. காம்பரா கம்பெனியுடையது, பாத்தி கம்பெனியுடையது, நாளைக்கு ஒரு தொரை வாய் திறந்தால் எல்லாம் போய்விடும். இருந்தும் எல்லை என்று ஒன்று அவளுக்கு இருக்கிறது. எனக்கு எங்கேயும் போகலாம். எந்தக் கயிறும் இல்லை. அந்த மஞ்சள் கயிற்றின்மேல் எனக்கு வந்த பொறாமைக்குப் பக்கத்தில் ஸ்டேட்டஸ் பொறாமையெல்லாம் ஒன்றுமேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை பால்குடம் பார்த்துவிட்டு, மத்தியான பஸ்ஸில் திரும்பினேன்.

இனிப் போகிறவர்களுக்கு. மாசியிலிருந்து சித்திரை வரை இந்தப் பக்கத் தோட்டங்களில் திருவிழாக் காலம். வேன் பேசுவதாக இருந்தால் ஓட்டுநர் காப்பு கட்டியிருக்கிறாரா என்று முதல் நாளே கேளுங்கள், கட்டப் போகிறாரா என்றும் கேளுங்கள். எல்லவுக்கு மட்டும் வருகிறவர்கள் ஹாலிஎல வரைக்கும் ரயிலில் வாருங்கள், கூட்டம் குறையும், சோறு மலிவு. சாப்பாட்டுக் கடையில் உங்கள் தட்டுக்கு வரும் சலாது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மலையிலிருந்து என்று பதில் வரும், மலையில் யாரிடமிருந்து என்று இன்னொரு தடவை கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. காலை ரயிலில் படம் எடுக்கக் கதவுக்கு வரும்போது, அங்கே ஒருத்தி நனைந்த சாக்கு மூடிய பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தால், தள்ளி நில்லுங்கள். பெட்டியின் மேல் உட்காராதீர்கள். பால்குடம் முடிந்தாலும் தோட்டத்தில் காப்பு அவிழ்க்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, பண்டாரவளை ஹோட்டலுக்கும் சேர்த்து இப்போது பெட்டி பத்து. லீவு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த ஒருத்தி நானாக இருப்பேன். இந்தத் தடவை திட்டுவதோடு விடமாட்டேன்.